புதுப்பிப்பு: முகப்புத் தேக்குத் தூணில் எண்ணெய் காயாமல் ஒட்டினால்

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் பழைய வார்னிஷை உரித்துவிட்டு, பர்மா தேக்குத் தூண்களுக்கு பாயில்டு லின்சீட் ஆயில் (சீக்கிரம் காயும்படி பதப்படுத்திய ஆளிவிதை எண்ணெய்) பூசுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். இரண்டாவது கோட் காயாமல் கையில் ஒட்டுகிறது என்று கேட்டவர்களுக்காக இது.

பெரும்பாலும் எண்ணெய் அதிகமானதுதான் காரணம். மரம் குடித்தது போக மேலே தங்கியது ஆடை கட்டிவிடும், அடியில் காயாது. பூசிய 15–20 நிமிடத்தில் பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். ஏற்கெனவே ஒட்டுகிறதா? டர்பன்டைன் நனைத்த துணியால் தேய்த்து எடுங்கள். அதன்மேலேயே இன்னொரு கோட் அடிப்பது வேண்டவே வேண்டாம். முதல் கோட்டுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. அடுத்ததற்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு டர்பன்டைன்.

எண்ணெய் பூசுமுன் தேய்க்க 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120 போதும், ரேகை ஓடும் திசையிலேயே. கண்ணாடி மாதிரி இழைத்தால் எண்ணெய் இறங்காது. கல்லில் உட்காரும் அடிப்பக்க வெட்டுமுகம்தான் ஈரத்தை அதிகம் இழுக்கும். எட்டுகிற வரை அங்கே கூடுதலாகக் கொடுங்கள்.

முக்கியமாக, எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.