குர்து தனிநாடு: பயப்படுவது யார், பயமுறுத்துவது யார்?

பழையசோறு:
2017 செப்டம்பர் 25-இல் ஈராக்கின் வடக்கே குர்து இன மக்களின் தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானில் வாக்கெடுப்பு. 92 சதவீதத்துக்கு மேல் தனிநாடு வேண்டும் என்றார்கள். மூன்றே வாரத்தில், குர்துகள் வசமிருந்த எண்ணெய் நகரமான கிர்குக் பாக்தாத் படையிடம் போனது. துருக்கி, ஈரான், பாக்தாத் மூன்றும் சேர்ந்து ஒரு மக்களின் முடிவைக் குழிதோண்டிப் புதைத்தன என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

கணக்கன்:
வந்துவிட்டேன். கிர்குக்கையும் சேர்த்து வாக்கெடுப்பு நடத்தியதுதான் வினை. அங்கே துருக்கி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த துர்க்மேன்களும் அரபிகளும் இருக்கிறார்கள். 2014-இல் ஐஎஸ் பயங்கரவாதிகள் வந்த குழப்பத்தில் பிடித்த எண்ணெய் ஊரை எங்களுடையது என்றால் பாக்தாத் சும்மா இருக்குமா?

பழையசோறு:
அந்த ஊர் யாருக்கு என்று தீர்க்கத்தானே ஈராக் அரசியல் சட்டத்தில் 140-ஆவது பிரிவு? கெடு 2007 கடைசி. பத்து வருஷம் இழுத்தடித்தது யார், அண்ணே?

எர்பில்ரிட்டர்ன்:
நான் அப்போது குர்திஸ்தான் தலைநகர் எர்பிலில் ஒரு கட்டுமான கம்பெனியில் ஸ்டோர் கணக்கு பார்த்தேன். வாக்களித்த அன்று எங்கள் டிரைவர் மை விரலை எல்லாரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினார். அந்த வெள்ளிக்கிழமை மாலை 6 மணியோடு வெளிநாட்டு விமானங்கள் நின்றன. ஊருக்கு வரவேண்டுமானால் பாக்தாத் வழிதான். கடலும் கிடையாது. எண்ணெய்க் குழாய் துருக்கியின் ஜெய்ஹானுக்குப் போகிறது. வால்வை மூடினால் கதை முடிந்தது என்று எர்டோகன் வெளிப்படையாகவே மிரட்டினார். வாசல் சாவி அடுத்த வீட்டுக்காரன் கையில்!

கணக்கன்:
அந்த அடுத்த வீட்டுக்காரன் ஏன் பயப்படுகிறான்? 1984-இல் துருக்கியின் குர்து ஆயுதக் குழுவான பிகேகே துப்பாக்கி எடுத்ததிலிருந்து சுமார் 40,000 உயிர் போயிருக்கிறது. எல்லைக்கு அப்பால் கொடி ஏறினால் இப்பாலும் ஏறும் என்ற பயம்.

பழையசோறு:
சரி, பயத்தையே பேசுவோம். 1946-இல் ஈரானில் குர்துகள் அமைத்த மகாபாத் குடியரசு ஓராண்டுகூட நிற்கவில்லை. அதன் தலைவர் காஸி முகம்மதை அதே ஊரில் தூக்கிலிட்டது ஈரான். 1962-இல் சிரியாவின் ஹசக்காவில் ஒரே நாள் கணக்கெடுப்பு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குர்துகள் குடியுரிமை இழந்தார்கள். 1988-இல் ஈராக்கின் குர்து ஊரான ஹலாப்ஜாவில் சதாம் விஷவாயு வீசினார். இதில் பயப்பட வேண்டியது துருக்கியா?

கணக்கன்:
ஹலாப்ஜா நடந்து எட்டே வருஷத்தில், 1996-இல், போட்டிக் குர்து கட்சியான தலபானி கட்சியை எர்பிலிலிருந்து விரட்ட அதே சதாமின் படையைக் கூப்பிட்டவர் இன்னொரு குர்து கட்சித் தலைவரான மசூத் பர்சானி. அதையும் எழுதுங்கள்.

பழையசோறு:
அது அசிங்கம்தான். மறுக்கவில்லை.

எர்பில்ரிட்டர்ன்:
அக்டோபர் 16, கிர்குக் போன அன்று, டிரைவரின் நகக்கண்ணில் அந்த மை இன்னும் மிச்சம் இருந்தது. கிர்குக்கிலிருந்து அவர் அக்கா குடும்பம் வண்டியில் வந்துகொண்டிருந்தது. யார் மேல் கோபம், பாக்தாத் மேலா என்று கேட்டேன். அவர் தலபானி கட்சியின் கோட்டையான சுலைமானியா பக்கம் கையை நீட்டினார். அந்தக் கட்சியின் பெஷ்மெர்கா என்ற குர்து படைதான் பல இடங்களில் சுடாமலே விலகியிருந்தது.