புதுப்பிப்பு: சமீபத்தில் எடுத்ததில் பிடித்த படம் எது?

சமீபத்தில் எடுத்ததில் பிடித்த ஒரே ஒரு படத்தைப் போடுங்கள் என்று, என் தும்பிப் படத்தோடு கேட்டிருந்தேன். இவ்வளவு படங்கள் வரும் என்று நினைக்கவில்லை.

தும்பிக்குப் பின்னால் எப்படி இப்படிக் கறுப்பானது என்று பலர் கேட்டீர்கள். எடிட்டிங் இல்லை, ஃபிளாஷ்தான். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 11, ஷட்டர் 1/200 நொடி. தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். தும்பி ஒரு சாண் தூரத்தில், புதரோ பல அடி தள்ளி. அங்கே போய்ச் சேர வெளிச்சம் ஏது? சரி, அது பறக்காமல் இருந்தது எப்படி? விடியற்காலைக் குளிரில் தும்பியால் சட்டென்று பறக்க முடியாது, உடம்பு சூடேற வேண்டும். அதுவரை இறக்கை நிறையப் பனித்துளியோடு தண்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். கேமராவை இறக்கைக்கு இணையாகப் பிடித்தால் நுனி வரை கூர்மையாக வரும்.

நிலா வெறும் வெள்ளை வட்டமாக வருகிறது என்றவருக்கு: வெளிச்ச அளவைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ முறையில் விடாதீர்கள். முழுநிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை, அவ்வளவுதான். எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி வைத்துப் பாருங்கள். பள்ளங்கள் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் அரைநிலா நாளில் எடுங்கள், நிழல் நீளமாக விழும்.

வந்ததில் என் மனதில் நின்றது கைபேசியில் எடுத்த அந்த மழைத்துளி. துளிக்குள் பின்னாலிருக்கும் பூ தலைகீழாகத் தெரிகிறதே, அடடா! விலை உயர்ந்த லென்ஸ் இருந்தால்தான் நல்ல படம் வருமா என்று நடந்த வாக்குவாதத்துக்கு இதுவே போதுமான பதில்.

அப்புறம், அடுத்த சுற்றுக்கு நிழல்களை எடுத்த படங்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா?