சுகப்பிரசவ ஆவணப்படம் பார்த்து முடிவெடுக்கலாமா?

வேளச்சேரிவாசி:
வீட்டில் மனைவிக்கு 30 வாரக் கர்ப்பம். வெளிநாட்டு சுகப்பிரசவ ஆவணப்படங்கள் உதவுமா, குழப்புமா?

மருதாணி:
வலி நேரத்தில் நடப்பது, குந்துவது, ஒருக்களித்துப் படுப்பது எல்லாம் கண்ணால் பார்த்தால்தான் புரியும். அதுக்குப் பாருங்க. ஆனா 14 மணி நேர வலியை எடிட்டிங்ல 4 நிமிஷமாக்கிடுவாங்க. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்படி கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் தீவிரக் கட்டம்; தலைப்பிரசவத்தில் அதுக்கப்புறமும் 12 மணி நேரம் வரை போகலாம். இது தெரியாம 3 செ.மீ.லயே "ஏன் இன்னும் பிறக்கல, ஆபரேஷன் பண்ணிடுங்க"ன்னு வீட்டு ஆளுங்களே அவசரப்படுவாங்க.

லேபர்வார்டு_நர்ஸ்:
படம் குழந்தை அழுததோட முடிஞ்சிடும். எங்க பயமே அதுக்கப்புறம்தான். குழந்தை வந்ததும் தொடையில், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடாசின் ஊசி 10 யூனிட் போடுவோம். கர்ப்பப்பை சுருங்கலைன்னா ரத்தம் 500 மி.லி.யைத் தாண்ட சில நிமிஷம் போதும். படத்துல வர்ற வெளிநாட்டு மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) பையில் இந்த மருந்தும், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கும் இருக்கும். கேமரா பையைத் திறந்து காட்டாது. 2018ல் திருப்பூர்ல வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்த பெண் ரத்தப்போக்கில்தான் இறந்தாங்க.

கணக்குப்பிள்ளை:
2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு சிசேரியன்: தனியாரில் 63.8%, அரசில் 36%. அதனால டாக்டர்கிட்ட கேளுங்க சார்: உங்க விகிதம் என்ன? எல்லாருக்கும் பிறப்புறுப்பு வாயை வெட்டித் தையல் போடுவீங்களா, தேவைப்பட்டா மட்டுமா? தொப்புள்கொடியை ஒரு நிமிஷம் கழிச்சு வெட்டுவீங்களா? ராத்திரி 2 மணிக்கு அவசர ஆபரேஷன்னா மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, போன் பண்ணி வரவைக்கணுமா?

வேளச்சேரிவாசி:
கடைசிக் கேள்வி தோணவே இல்ல. அடுத்த செக்கப்ல கேட்டுடறேன்.