நிச்னாய்லயே தலைவலின்னு சொல்லியிருக்கலாம் – காஷ்மீர் ஏரிகள் நடை அனுபவம்

மதுரக்காரன்:

போன ஆகஸ்ட்ல நானும் எங்க மாப்ளயும், அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், காஷ்மீர் கிரேட் லேக்ஸ் ட்ரெக் போயிட்டு வந்தோம். சோனமார்க்ல ஏறி நாராநாக்ல எறங்குறது, மொத்தம் 70 கிலோமீட்டர் வாக்குல வரும், நடுவுல மூணு கணவாய். விஷன்சர், கிஷன்சர், காட்சர், சத்சர், கங்காபல், நந்த்கோல்னு வழி நெடுக ஏரிதான். தண்ணி கலரு, பூ, பனியெல்லாம் போட்டோலயே நெறைய பாத்திருப்பீங்க, அத நான் திரும்ப எழுதல. மாப்ளைக்கு வந்த தலைவலிய பத்தியும் அன்னிக்கு எங்களுக்கு கை கொடுத்தவங்கள பத்தியும்தான் எழுதுறேன். அடுத்த சீசனுக்கு யாராச்சும் கெளம்புறதா இருந்தா பொறுமையா படிச்சிட்டு போங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நல்லாத்தான் தயாரானோம். மூணு மாசம் தெனமும் ஓட்டம், மாசம் ஒருவாட்டி சதுரகிரி, முதுகுல பத்து கிலோ பை. கால் பலத்துல கொறையே இல்ல. ஆனா கால் பலம் வேற, உசரத்துக்கு ஒடம்பு பழகுறது வேற, இது அங்க போனப்புறந்தான் புரிஞ்சது. மதுரை கடல் மட்டத்துல இருந்து நூத்தி சொச்சம் மீட்டர்தான். மொத நாள் ப்ளைட்ல ஸ்ரீநகர், அது 1,600 மீட்டர் கிட்ட. மறுநாள் சோனமார்க், 2,700 சொச்சம். அதுக்கு மறுநாளே நிச்னாய் கேம்ப், 3,500. மூணே நாள்ல இவ்வளவு உசரம். 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, தூங்குற எடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, நாங்க அத படிச்சிருந்தோம், ஆனா கூட்டிட்டு போற ஆளுங்க போட்ட ப்ளான் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்.

நிச்னாய்ல அன்னிக்கு ராத்திரி சமையல்காரர் குக்கர்ல சோறு வச்சு ராஜ்மா போட்டாரு. அந்த உசரத்துல தண்ணி 88, 89 டிகிரிலயே கொதிச்சிடும், சும்மா பாத்திரத்துல வச்சா அரிசி சரியா வேகாது, அதனால குதிரை மேல குக்கர் கண்டிப்பா வரும். மாப்ள ரெண்டு வாய் வச்சுட்டு தட்ட தள்ளிட்டாரு. "என்ன மாப்ள, பிடிக்கலயா?"ன்னு கேட்டேன், "அசதி மச்சான், தூங்குனா சரியாயிடும்"னாரு. நானும் நம்பிட்டேன். சாயங்காலத்துல இருந்தே தலைய பொளக்குற மாதிரி வலி, எனக்கு தெரியாம ரெண்டு பாராசிட்டமால் போட்டுட்டு படுத்திருக்காரு. பின்னாடி கேட்டப்ப சொன்னாரு, நான் ரெண்டு வருஷமா ஆசப்பட்ட பயணம், தன்னால அது பாதில நிக்கக் கூடாதுன்னு இருந்துச்சாம். வீட்டு மாப்பிள்ளை, மச்சான் முன்னாடி முடியலன்னு எப்படி சொல்றதுன்னு ஒரு கூச்சமும் இருந்திருக்கு. அவர நான் தப்பே சொல்ல மாட்டேன். கேக்க வேண்டிய விதத்துல நான்தான் கேக்கல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்த நடையில நிச்னாய் கேம்ப்தான், முடியலன்னா நேரா எறங்கி சோனமார்க் திரும்பக்கூடிய கடைசி எடம். அங்கிருந்து திரும்புறதுன்னா பெரும்பாலும் எறக்கம்தான். மறுநாள் நிச்னாய் கணவாய (4,100 மீட்டர்) தாண்டி விஷன்சர் போயிட்டீங்கன்னா கத மாறிடும். பின்னாடி 4,100, முன்னாடி காட்சர் கணவாய் 4,200. நடுவுல 3,700ல நீங்க. உசரத்துக்கு ஒடம்பு பழகாம வர்ற இந்த மலை நோய்க்கு ஒரே உறுதியான மருந்து கீழ எறங்குறதுதான், ஆனா அங்க எறங்கணும்னா மொதல்ல ஏறணும். ஏரித் தண்ணி ஓடுற பக்கமா எறங்கிடலாமேன்னு தோணும், அது கிஷன்கங்கா ஆத்தோட சேந்து குரேஸ் பக்கமா எல்லைய ஒட்டி போகுது, நம்ம இஷ்டத்துக்கு போற வழி இல்ல அது. மேப்ப பாத்தா இது எல்லாருக்கும் தெரியும். ஆனா நாங்க பாத்தது ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர்னு மட்டும்தான்.

விஷன்சர்ல ராணுவ முகாம் இருக்கு, ஐடி கார்டு வாங்கி பேர் எழுதிக்கிட்டாங்க. என் ஆதார்ல அட்ரஸ பாத்துட்டு ஒரு ஜவான், "மதுரையாண்ணே?"ன்னாரு. சிவகங்கை பக்கமாம். பத்து மாசமா இந்த பக்கம்தானாம். ஊர்ல மழ உண்டா, கம்மாயில தண்ணி கெடக்கான்னு அதத்தான் மொதல்ல கேட்டாரு. பேசிக்கிட்டே மாப்ள மொகத்த உத்து பாத்தாரு, "அண்ணே, இவருக்கு ஒதடு ஒரு மாதிரியா இருக்கே, நாளைக்கு ஏறுறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, நாங்களே மேல வந்தா கொஞ்ச நாள் ஒடம்ப பழக்கிட்டுதான் வேலைய பாப்போம்"னாரு. மாப்ள சிரிச்சுக்கிட்டே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. கூட்டிட்டு வந்தவங்க கிட்ட ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்குற ஆக்சிமீட்டர் கேட்டேன், எடுத்துட்டு வந்தாங்க, பேட்டரி இல்ல. (அந்த ஆளுங்க பேர் இங்க வேணாம், அவங்க கிட்டயே நேர்ல சொல்லிட்டேன்.)

மறுநாள் காட்சர் கணவாய். கிஷன்சர் ஏரி ஓரமா போயி செங்குத்தா ஒரு ஏத்தம், திரும்பி பாத்தா கிஷன்சரும் விஷன்சரும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா தெரியும். உச்சிக்கு ஒரு இருநூறு அடி இருக்கும்போது மாப்ள அப்படியே ஒரு கல்லு மேல உக்காந்துட்டாரு, வாந்தி. ரெண்டாவது வாட்டி வெறும் தண்ணிதான் வந்துச்சு. வேற குரூப்ல வந்த ஒரு டாக்டரம்மா கிட்ட ஆக்சிமீட்டர் இருந்துச்சு, எனக்கு 87 சதவீதம், அவருக்கு 76. ஒரு காலு குதிகால இன்னொரு காலு விரல ஒட்டி வச்சு நேர்கோட்டுல நடக்க சொன்னாங்க. நடந்தாரு. தள்ளாடல. அது தள்ளாடியிருந்தா மூளைல நீர் கோக்குதுன்னு அர்த்தம், அப்ப ஒரு நிமிஷம் கூட நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அந்த பத்தடிய அவர் நடந்தப்ப எனக்கு தங்கச்சி மொகந்தான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

திரும்புனா கிடைக்கிறது விஷன்சர், 3,700, அங்க இருந்து எங்கயும் எறங்க முடியாது. கணவாய தாண்டுனா காட்சர் ஏரி 3,600, அதுக்கப்புறமும் கொஞ்சம் எறங்கலாம். இத எங்களுக்கு சொன்னது எங்க குதிரைக்காரர்தான். நாராநாக் பக்கத்து ஆளு, அம்பது வயசிருக்கும், ஹிந்தில நிதானமா, "இருநூறு அடி ஏறுனா அறுநூறு மீட்டர் எறங்கலாம், நான் கூட்டிட்டு போறேன்"னாரு. மாப்ள பைய குதிரை மேல கட்டுனாரு, மாப்ள கைய தன் தோள்ல போட்டுக்கிட்டாரு. பத்து அடி, நில்லு, மூச்சு. மறுபடி பத்து அடி. அந்த இருநூறு அடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பக்க எறக்கம் சரளைக்கல்லு, குதிரைல உக்கார வைக்க முடியாது, அதனால கடைசி வரைக்கும் கையப் புடிச்சேதான் எறக்குனாரு.

காட்சர் ஏரிய நான் சரியா பாக்கவே இல்லங்க. அத தாண்டி கீழ புல்வெளில கல்லடுக்கி மண்ணு கூரை போட்ட ஒரு குடிசை, பக்கர்வால் குடும்பம். ராஜௌரில இருந்து ஆடு, குதிரை, புள்ளைகளோட நடந்தே வர்றவங்க, பனி உருகுனதும் மேல வந்து செப்டம்பர் வாக்குல எறங்கிடுவாங்க. மாப்ள நடந்து வர்றத தூரத்துல இருந்தே பாத்துட்டு ஒரு பாட்டி வெளிய வந்து, ஒண்ணும் கேக்காம உள்ள கூட்டிட்டு போயி அடுப்பு பக்கத்துல உக்கார வச்சாங்க. உப்பு போட்ட டீ, மக்காச்சோள ரொட்டி. ரெண்டு நாளா ஒண்ணும் எறங்காத மனுஷன் அந்த டீய முழுசா குடிச்சாரு. அவங்க பேசுன கோஜ்ரி எங்களுக்கு புரியல, எங்க ஹிந்தி அவங்களுக்கு பாதிதான் புரிஞ்சது. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோம், மாப்ள கண்ணுல உயிர் வந்துச்சு. காசு எடுத்தேன், கைய தட்டிவிட்டுட்டாங்க. பேரன் கால காட்டி மருந்து இருக்கான்னு மட்டும் கேட்டாங்க, கல்லு கிழிச்ச காயம், சீழ் வச்சிருந்துச்சு. டாக்டரம்மா பின்னாடியே வந்து கழுவி கட்டு போட்டாங்க, எங்க கிட்ட இருந்த பஞ்சு, களிம்பு, ஓஆர்எஸ் எல்லாத்தையும் குடுத்துட்டு வந்தோம்.

அன்னிக்கு ராத்திரி தலைவலி கொறஞ்சுச்சு, மறுநாள் ஆக்சிமீட்டர்ல 84 காட்டுச்சு. அப்புறம் சத்சர், சாஜ் கணவாய், அங்க இருந்து பாத்தா ஹர்முக் மலையும் அதுக்கு அடில கங்காபலும் நந்த்கோலும். மாப்ள கங்காபல் தண்ணில காலு வச்சுட்டு ரொம்ப நேரம் பேசாம நின்னாரு. கடைசி நாள் நாராநாக் எறக்கம் 1,200 மீட்டருக்கு மேல, முட்டி கழண்டுடும், குச்சி இல்லாம போகாதீங்க.

சாரல்:

அண்ணா, படிக்கும்போதே நெஞ்சு அடிச்சுக்கிச்சுங்க. நான் கோயம்புத்தூர், ரெண்டு வருஷம் முன்ன காஷ்மீர்லயே தார்சர் மார்சர் ஏரி நடை போனேனுங்க, ஆரு கிராமத்துல இருந்து லிட்டர்வட் வழியா. எங்களுக்கு மொத நாள் நடைய முடிச்சு லிட்டர்வட்ல ஒரு நாள் சேத்து தங்க வச்சாங்க, அப்ப எதுக்கு ஒரு நாள வேஸ்ட் பண்றாங்கன்னு எரிச்சலா இருந்துச்சு, இப்ப உங்கள படிச்சப்புறம் அந்த கைட கும்பிடணும்னு தோணுது. எனக்கு நடந்தது வேறங்க. தார்சர் பக்கத்துல காலைல பல் தேய்க்க டென்ட்ட விட்டு கொஞ்ச தூரம் போயிட்டேன், அஞ்சே நிமிஷத்துல மூட்டம் எறங்கிடுச்சு, நீட்டுன கை கூட தெரியல. நடந்தா ஏரில விழுவேனோன்னு அப்படியே நின்னேனுங்க. அப்ப ஒரு பக்கர்வால் நாய் கொலச்சுக்கிட்டே வந்துச்சு, கன்னுக்குட்டி சைஸ், ஓடக் கூடாதுன்னு கைட் சொன்னது ஞாபகம் வந்து கைய கீழ போட்டு அசையாம நின்னேன். சுத்தி சுத்தி கொலச்சுதே தவிர கடிக்கல. அந்த சத்தத்துக்கு மேய்க்கிற அண்ணன் வந்தாரு, அவருதான் டென்ட் வரைக்கும் கொண்டு வந்து விட்டாரு. விசில் கழுத்துல போட்டுக்கங்க, பைக்குள்ள வச்சா பிரயோஜனமே இல்லைங்க.

தாம்பரம்_நடை:

ப்ரோ, இதே மாதிரி இமாச்சல்ல சந்திரதால் ஏரிகிட்ட ஆச்சு, ஆனா அது கார்ல. மணாலி 2,000 மீட்டர், ஏரி 4,250. 2020ல அடல் டனல் தொறந்தப்புறம் ரோத்தாங் கணவாய் ஏறாமலே அந்தப்பக்கம் போயிடலாம்ல, அதனால காலைல கெளம்பி சாயங்காலமே ஏரிகிட்ட போய் சேந்துட்டோம். ராத்திரி பத்து மணிக்கு என் ப்ரெண்டுக்கு படுத்தா மூச்சு வாங்குது, உக்காந்தா கொஞ்சம் பரவால்ல, இருமல் வேற. படுக்க முடியாம மூச்சு வாங்குனா நுரையீரல்ல தண்ணி, விடியற வரைக்கும் காத்திருக்காதீங்கன்னு பக்கத்து டென்ட் ஸ்பித்திக்காரர் சொல்லி, தன் வண்டியிலயே ராத்திரியோட ராத்திரியா கீழ எறக்குனாரு. அந்த ரோடு பகல்லயே பயம். ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சு மூணு நாள்ல சரியாச்சு. ஸ்பித்தி போறவங்க சிம்லா, கின்னௌர் வழியா மெதுவா ஏறிட்டு கடைசியா சந்திரதால் வாங்க, திரும்பி போறப்ப மணாலி. அந்த ரூட்டுதான் சரி.

மதுரக்காரன்:

சாரல் தங்கச்சி, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. டயமாக்ஸ் பத்தி தனியா கேட்டவங்களுக்கு, அது மலை நோய் வராம இருக்க டாக்டர் கிட்ட கேட்டுட்டு போடுற மாத்திரை, சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லணும், மாத்திரை போட்டாச்சுன்னு வேகமா ஏறவும் கூடாது. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம்மு காஷ்மீர்ல வேல செய்யாது, போஸ்ட்பெய்டு வேணும், அதுவும் சோனமார்க் தாண்டுனா சிக்னல் இல்ல, அதனால வீட்டுல ஒரு வாரம் போன் வராதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. சோனமார்க்ல ரெண்டு ராத்திரி தங்குங்க. நிச்னாய்ல கூட வந்தவங்கள "நல்லா இருக்கியா"ன்னு கேக்காதீங்க, சாப்ட தட்ட பாருங்க.

மாப்ள இப்ப நல்லா இருக்காரு. அந்த பாட்டியும் பேரனும் அடுப்பு பக்கத்துல உக்காந்திருக்க போட்டோவ பெருசா ப்ரிண்ட் போட்டு குதிரைக்காரருக்கு தபால்ல அனுப்பிட்டோம். அவங்க இப்ப ராஜௌரி பக்கம் எறங்கியிருப்பாங்க, ஜூலைல மேல வந்ததும் கையில குடுத்துடறேன்னு போன்ல சொன்னாரு.