போயர் போர் முகாம்களில் இத்தனை குழந்தைகள் இறந்தது எப்படி?

உசிலம்பட்டி வாத்தியார்:
பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களை தமுக்கம் காந்தி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். காந்தி ஆம்புலன்ஸ் படை நடத்துன போர்ங்கிறதால போயர் போருக்கு (1899–1902, தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ் படைக்கும் போயர்ங்கிற டச்சு வழி வந்த வெள்ளைக்கார விவசாயிகளுக்கும் நடந்தது) ஒரு சார்ட் தயாராகுது. பிரிட்டிஷ்காரங்க போயர் குடும்பங்களை அடைச்ச முகாமை ‘வதைமுகாம்’னு எழுதினா பசங்க விஷவாயுன்னு நினைக்கிறாங்க. யாரும் கொல்லலைன்னா குழந்தைங்க எப்படி இறந்தாங்க? எந்த எண்ணிக்கையைப் போடலாம்?

வைகை வடகரை:
சார், ‘தடுப்பு முகாம்’னு போடுங்க. பிரிட்டிஷ் ராணுவம் போயர் பண்ணைவீடுகளைக் கொளுத்தி, ஆடு மாட்டை அழிச்சு, பெண்களையும் பிள்ளைகளையும் கூடாரத்துல அடைச்சாங்க. மாடு போனதும் பாலும் போச்சு. 1901 ஜனவரியில ப்ளூம்ஃபான்டைன் முகாமுக்குப் போன எமிலி ஹாப்ஹவுஸ்ங்கிற பிரிட்டிஷ் சமூக சேவகி எழுதின ஒருநாள் படி (ரேஷன்): இறைச்சி அரை பவுண்டு, அதுவும் எலும்போட, மாவு முக்கால் பவுண்டு, காப்பி, சர்க்கரை தலா 2 அவுன்ஸ், டின் பால் பன்னிரண்டுல ஒரு பங்கு. காய்கறி கிடையாது. சோப்பும் கிடையாது. ஆத்துத் தண்ணியைக் காய்ச்சக்கூட விறகு பத்தலை, டைஃபாய்டு வந்துச்சு.

ஆனா அதிகம் கொன்னது மணல்வாரி அம்மை. பண்ணைகள் தள்ளித் தள்ளி இருந்ததால நிறையப் பிள்ளைங்களுக்கு அதுக்கு முன்னாடி அம்மை கண்டதே இல்லை. ஒரே கூடாரத்துல பத்துப் பேர்னா கேக்கணுமா? தண்ணி ஊத்தியாச்சுன்னா பயமில்லைன்னு நம்ம பக்கம் நினைப்போம். அங்க ஆபத்தே அதுக்கப்புறம்தான்: நிமோனியா, பேதி.

கீழமாசி வீதி:
‘தடுப்பு’ங்கிறது ரொம்ப மென்மை அண்ணே. புருஷன் இன்னும் சண்டையில இருந்தா அந்தக் குடும்பத்துக்கு ஆரம்பத்துல படியைக் குறைச்சாங்க, இறைச்சியே தரலை. அது தெரிஞ்சே செஞ்சது.

எண்ணிக்கைக்கு வர்றேன். போயர் முகாம்கள்ல இறந்தவங்க மொத்தம் 27,927 பேர், அதுல 16 வயசுக்குக் கீழ 22,074. 1901 அக்டோபர்ல இறப்பு ஆயிரத்துக்கு 344. இது வருஷக் கணக்குல சொல்ற விகிதம். அந்த ஒரு மாசத்துல ஆயிரத்துக்கு 344 பேர்னு எழுதிடாதீங்க. கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள் இருந்துச்சு. அங்க பதிவான இறப்பு மட்டும் 14,000க்கு மேல, பெரும்பாலும் குழந்தைங்க. நிறைய சார்ட்டுல இதை விட்டுடறாங்க.

உசிலம்பட்டி வாத்தியார்:
ரெண்டு எண்ணிக்கையும் போட்டுடறேன். இறப்பு எப்போ குறைஞ்சது? எலும்பும் தோலுமா கட்டில்ல கிடக்கிற பிள்ளை படம் ஒண்ணு கிடைச்சிருக்கு, அதைப் போடலாமா?

வைகை வடகரை:
பிரிட்டிஷ் அரசு அனுப்பின, ஃபாசெட் அம்மையார் தலைமையிலான பெண்கள் குழு முகாம்களைப் பார்த்துச்சு. 1901 நவம்பர்ல நிர்வாகம் ராணுவத்துகிட்ட இருந்து அங்க பிரிட்டிஷ் சிவில் நிர்வாகத் தலைவரா இருந்த மில்னர் கைக்கு மாறுச்சு. நர்ஸுங்க கூடினாங்க, படி கூடுச்சு, காய்ச்சின தண்ணி கிடைச்சது. நம்ம ஊர்ல பிளேக், பஞ்ச முகாம் நடத்திப் பழகுன அதிகாரிகளையும் கொண்டுபோனாங்க. 1902 தொடக்கத்துல இறப்பு சரசரன்னு இறங்கிடுச்சு.

அந்தப் படம் லிசி வான் ஸைல்னா, 7 வயசு, 1901 மே மாசம் ப்ளூம்ஃபான்டைன்ல இறந்த பிள்ளை. தாய்தான் பட்டினி போட்டான்னு பிரிட்டிஷ் தரப்பு அதே படத்தைக் காட்டுச்சு, ஹாப்ஹவுஸ் மறுத்தாங்க. படத்தைப் போட்டா இதையும் கீழ எழுதிடுங்க.