"நாம ஜெபிச்சவர் தோத்துட்டாரே!" – பிள்ளைகளோடு தேர்தலைப் பேசிய பெற்றோரின் அனுபவங்கள்

8 வயது மகளின் அப்பா:

தேர்தல் முடிவு வந்த அன்று ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். மகள் கண்ணை மூடவே இல்லை. "அப்பா, நாம ஜெபிச்சவர் தோத்துட்டாரே. என் ஃபிரெண்டு வீட்லயும் ஜெபிச்சாங்க, அவங்க ஆளு ஜெயிச்சுட்டாரு. அவங்க ஜெபம் மட்டும்தான் இயேசப்பாவுக்குக் கேட்டுச்சா?"

பெரியவர்களிடம் சொல்ல நமக்கு ஆயிரம் விளக்கம் உண்டு. அவளிடம் அது எதுவும் செல்லாது. 1 தீமோத்தேயு 2-ஐத் திறந்து அவளையே வாசிக்கச் சொன்னேன். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம் பண்ணச் சொல்கிற பகுதி. மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டு, "இதுல யாரையும் ஜெயிக்க வைக்கச் சொல்லி இல்லையே" என்றாள்.

"இல்லைதான். ஆளுறவங்க யாரா இருந்தாலும் அவங்களுக்காக ஜெபிக்கணும்னுதான் இருக்கு."

"அப்ப ஜெயிச்சவருக்குமா?" முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஜெபித்தாள், ஒரே வரி: "ஆண்டவரே, அவர் பொய் சொல்லாம இருக்கணும், ஆமென்." அரசியல்வாதிகளுக்காக இதைவிட நல்ல ஜெபம் நான் கேட்டதில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.

இரண்டு பையன்களின் அம்மா:

பிரதர், பிள்ளைகளுக்குத் தேர்தலைச் சொல்லிக்கொடுக்க வேதத்திலேயே ஒரு கதை இருக்கிறது. நியாயாதிபதிகள் 9. தன் சகோதரர் எழுபது பேரைக் கொன்றுவிட்டு அபிமெலேக்கு ராஜாவாகிறான். தப்பித்த ஒரே தம்பி யோதாம் கெரிசீம் மலை உச்சியில் நின்று ஊராருக்குக் கதை சொல்கிறான். மரங்களெல்லாம் கூடி ராஜாவைத் தேடுகின்றன. ஒலிவமரம் வர மறுக்கிறது, எண்ணெயை விட்டுவிட்டு வர முடியாதாம். அத்திமரத்துக்குத் தன் பழம் முக்கியம், திராட்சச்செடிக்குத் தன் ரசம். கடைசியில் முட்செடியைக் கேட்கிறார்கள். அது உடனே சரி என்கிறது. என் நிழலில் வந்து அடையுங்கள், இல்லாவிட்டால் என்னிலிருந்து அக்கினி புறப்பட்டு லீபனோனின் கேதுருக்களையே எரிக்கும் என்று மிரட்டலும் சேர்த்து. முட்செடிக்கு ஏது நிழல்?

பெரியவனுக்கு அந்த மிரட்டல் பிடித்துவிட்டது, அதையே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சின்னவன்தான் யோசித்தான். "அம்மா, நல்ல மரமெல்லாம் எனக்கு வேலை இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் முள்ளுதானே வரும்? அப்பாவும் ஓட்டுப் போடப் போக நேரமில்லைன்னு சொன்னாரே?"

அதுவரை செல்போனில் மூழ்கியிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஓட்டுப் போடுகிற அன்று காலையில் முதல் ஆளாகச் சட்டையை இஸ்திரி போட்டது அவர்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக.

ஞாயிறு பள்ளி டீச்சர்:

தேர்தல் சமயத்தில் என் வகுப்பில் ஒரு பையன் படம் வரைந்தான். ஒரு கட்சித் தலைவருக்குக் கொம்பும் வாலும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை அழுதுவிட்டாள், அவள் வீட்டு ஓட்டு அந்தத் தலைவருக்குத்தான். பையனை அதட்டினால் வகுப்பே இரண்டு கட்சியாகிவிடும்.

இயேசுவின் சீஷர்கள் பெயர்ப்பட்டியலில் வரும் லூக்கா 6:15-ஐ எடுத்தோம். ஒரே வசனத்தில் மத்தேயுவும் இருக்கிறார், செலோத்தே என்னப்பட்ட சீமோனும் இருக்கிறார். ஒருவர் ரோமர்களுக்குக் கீழ்ப்பட்ட ஆட்சிக்காக ஆயத்துறையில் வரி வாங்க உட்கார்ந்தவர். இன்னொருவருக்கு ரோம ஆட்சியே ஆகாது என்றுதான் பலரும் அந்தப் பட்டப்பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் ஆண்டவர் தம் பந்தியில் சேர்த்துக்கொண்டார்.

"சாப்பிடும்போது சண்டை போட்டிருப்பாங்களா மிஸ்?" என்று கேட்டது அழுத பிள்ளை.

"சீஷர்களுக்குள்ள யார் பெரியவன்னு கடைசி இராப்போஜனத்துலகூட வாக்குவாதம் வந்துச்சு. அதையும் லூக்காதான் எழுதியிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். பையன் ரப்பரை எடுத்துக் கொம்பை அழித்தான். வாலை விட்டுவிட்டான். பாதி மனந்திரும்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று பிள்ளைகளின் அம்மா:

டீச்சர், கொம்பை அழித்தது சரி. ஆனால் தப்பு செய்கிற தலைவரைத் தப்பு என்று சொல்லவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். தாவீது ராஜாவின் தப்பை அவர் முகத்துக்கு நேரே தீர்க்கதரிசி நாத்தான் சொன்னார், ஆட்சியிலிருந்த ஏரோதின் தப்பை யோவான் ஸ்நானகன் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பக்தி என்று என் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஜெபமும் செய்யட்டும், கேள்வியும் கேட்கட்டும்.

முதல் ஓட்டுப் போட்ட மகனின் அப்பா:

சின்னப் பிள்ளைகளின் கேள்விகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. வளர்ந்தவன் கேள்வியே கேட்பதில்லை. "யார் வந்தாலும் ஒண்ணுதான். எதுக்கு ஓட்டு, எதுக்கு ஜெபம்?" என்று கதவைச் சாத்திக்கொள்வான்.

எங்கள் கூடத்தில் எரேமியா 29:11 மாட்டியிருக்கிறது, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று. அதைக் காட்டி ஏதாவது சொன்னால் அவனுக்கு எரிச்சல்தான் வரும். அதனால் அதற்கு முந்தைய வசனத்தை வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிற்பாடுதான் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது.

அவன் கணக்குப் போட்டான். "எழுபது வருஷமா? அப்ப அந்த லெட்டரை வாசிச்ச பெரியவங்கள்ல யாரும் ஊர் திரும்பியிருக்க மாட்டாங்களே."

"அனேகமா இல்லை."

"அப்புறம் அவங்க என்ன பண்ணணுமாம்?"

5-ஆம் வசனத்திலிருந்து அவனே வாசித்தான். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப்போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள். அதுவும் அவர்களைப் பிடித்துப்போனவனின் பட்டணத்துக்காக! யார் ஆண்டாலும் செய்ய வேண்டிய வேலைகள்தான் எல்லாம். "எல்லாம் சரியாயிடும்னு சொல்லாம இருந்தீங்களே, அதுவே பெரிசு" என்றான். அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினோம். எந்தக் கட்சி என்று அல்ல. ஏழைகளை யார் நினைக்கிறார்கள், சொன்னதைச் செய்தவர் யார், பயத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பவர் யார் என்று. இரண்டு இடத்தில் எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை, அப்படியே விட்டுவிட்டோம்.

ஓட்டுப் போட்டானா என்று கேட்பீர்கள். போட்டான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவன் அம்மா கேட்டுப் பார்த்தாள், இன்னும் சொல்லவில்லை.