கார்ட்டூன் பனியன் போடும் 28 வயது தம்பி: மாற்றச் சொல்லலாமா?

குடியாத்தம்_அக்கா:
தம்பிக்கு 28 வயது, ஆட்டிசம் உண்டு. கைலிக் கிடங்கில் மடித்து, எண்ணி, லேபிள் ஒட்டும் வேலை. எண்ணிக்கையில் அவன் தப்பு விட்டதாக முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் முகம் வைத்த ரயில் எஞ்சின் படம் போட்ட பனியன்தான். பொம்மை ரயில்களை நிறம் வாரியாக அடுக்குவான், ஒரே கார்ட்டூனை மறுபடி மறுபடி பார்ப்பான். மே மாதம் வேலூரில் சித்தப்பா மகள் கல்யாணம். "பட்டு வேட்டி கட்டினால் கூட்டி வா, இல்லாவிட்டால் அவனை வீட்டில் விட்டுவிட்டு வா" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மாவோ சித்தப்பா பக்கம். உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

ஆம்பூர்_அண்ணன்:
மூன்று மணி நேரம்தானே தங்கச்சி. வேட்டி கட்டி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்து மாற்றிக்கொள்ளட்டும். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்? வளர்ந்த ஆண்பிள்ளை சின்னப் பிள்ளை சட்டையில் பந்தியில் உட்கார்ந்தால் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். அந்தப் பேச்சு அவன் காதில் விழ வேண்டாமே.

ஆற்காடு_அப்பா:
என் மகளுக்கு 31 வயது. ஆட்டிசம், பேச்சு குறைவு. நான் சித்தப்பா கட்சி இல்லை, ஆனால் மாற்றச் சொல்லும் கட்சி. காரணம் கௌரவம் இல்லை, பயம். முழங்காலுக்கு மேல் நிற்கும் கவுனும் கையில் பொம்மையுமாக பஸ் ஸ்டாண்டில் நின்ற என் பெண்ணிடம் ஒருவன் மிட்டாயை நீட்டிக் கையைப் பிடித்தான். நான் பத்தடி தள்ளி தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தேன். இவளை ஏமாற்றுவது சுலபம் என்று அந்த உடையைப் பார்த்துத்தான் அவன் கணக்குப் போட்டான். நானும் என் மனைவியும் போன பிறகு அந்தப் பத்தடியில் யார் நிற்பார்கள்?

சத்துவாச்சாரி_டீச்சர்:
சிறப்புக் கல்வி ஆசிரியையாக நானும் ஐயா பக்கம்தான். வயதுக்கேற்ற உடை, வயதுக்கேற்ற செயல்பாடு என்பது எங்கள் துறையில் ஊறிப்போன விதி. ஊனமுற்றவர்களுக்கும் மற்றவர்களைப் போன்ற இயல்பான வாழ்க்கை அமைய வேண்டும் என்பது இயல்பாக்கக் கோட்பாடு. 1972-ல் உளவியலாளர் வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கர் அதை விரித்து எழுதியபோது, ஊனமுற்றவர்களைச் சமூகம் "என்றென்றும் குழந்தை" என்று பார்ப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். குழந்தை என்று முடிவு கட்டிவிட்டால் வேலை தர மாட்டார்கள், கருத்துக் கேட்க மாட்டார்கள், கதவைத் தட்டாமல் அறைக்குள் வருவார்கள். இதை நான் இங்கேயே பார்க்கிறேன். தானாகச் சாப்பிடத் தெரிந்த 30 வயதுப் பெண்ணுக்கு ரெட்டை ஜடை பின்னி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, ஊட்டிவிடுகிறார்கள். கார்ட்டூன் சட்டை அந்தப் பார்வைக்குத் துணை போகிறது.

காட்பாடி_சந்திப்பு:
ஆட்டிசம் உள்ள ஆள் நான். 34 வயது. சம்பளம் வாங்குகிறேன், வாடகை கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன். எங்களைப் பற்றித்தான் பேச்சு என்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் "மூன்று மணி நேரம்தானே" என்கிறார். மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். புது வேட்டியின் விறைப்பு, காலை அறுக்கும் ஜரிகை, கழுத்துக்குப் பின்னால் சட்டை லேபிள். உங்கள் தோல் ஐந்து நிமிடத்தில் அதையெல்லாம் மறந்துவிடும். என் தோல் மறக்காது. ஒவ்வொரு உரசலும் முதல் உரசலாகவே வந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் கெட்டிமேளம், வீடியோ லைட், சென்ட் வாசனை. இது அடம் இல்லை. மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5, 2013-ல் வந்தபோது, ஒலிக்கும் தொடுதலுக்கும் அளவுக்கு மீறியோ குறைந்தோ எதிர்வினை வருவதை ஆட்டிசத்தின் கூறுகளில் ஒன்றாகச் சேர்த்தது. கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டினும் ஆட்டிசம் உள்ளவர், 1947-ல் பிறந்தவர். சின்ன வயதில் உள்பாவாடை தோலைக் குத்தியது எவ்வளவு கொடுமை என்று வளர்ந்த பிறகும் எழுதியிருக்கிறார்.

துணி சரி, படம் எதற்கு என்பீர்கள். அந்த எஞ்சினுக்குக் கோபமா சிரிப்பா என்பது பார்த்தவுடன் தெரியும். மனித முகத்தில் அதை நான் நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் ஊகிக்கத் தேவையில்லாத ஒரு முகம் வேண்டும். தம்பிக்கும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது, எனக்கு அப்படி.

நான் காட்பாடி நடைமேடையில் நின்று எஞ்சின்களைப் பார்ப்பவன். இது எந்தப் பராமரிப்பு ஷெட்டின் எஞ்சின், அரக்கோணமா ஈரோடா என்று அதன் மேல் உள்ள எழுத்தைப் படிப்பேன். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது என்று சொன்னால் அறிவாளி என்கிறார்கள். அதே ஆள் அலமாரியில் பொம்மை ரயில் வைத்தால் சின்னப் பிள்ளை. இரண்டும் ஒரே ஆசைதான். 7-ம் எண் மஞ்சள் பனியன் போட்டு, முகத்தில் சாயம் பூசி, சேப்பாக்கத்தில் கத்துகிற 45 வயதுக்காரரை யாரும் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்வதில்லையே?

ஆம்பூர்_அண்ணன்:
அது ஊரே போடுகிற பனியன் தம்பி. நீங்கள் படித்தவர், விளக்கமாகச் சொல்கிறீர்கள். ஆனால் இவர்கள் வீட்டுப் பையன் மனதளவில் எட்டு வயது என்று டாக்டர்களே சொல்வார்கள். அவனுக்கு எது நல்லது என்று பெரியவர்கள்தானே முடிவு செய்ய வேண்டும்?

குடியாத்தம்_அக்கா:
அண்ணா, அவனுக்கு எட்டு வயது என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. இன்னொன்று. மயானக் கொள்ளைத் திருவிழா அன்று பாலாற்றங்கரைக்குப் பெரிய பெரிய ஆம்பிளைகள் காளி வேஷம் கட்டி, நாக்கு வைத்து, பாவாடை சுற்றி வருகிறார்கள். கூட்டம் கும்பிடுகிறது. அங்கே யாரும் வயதைக் கேட்பதில்லை. அப்படியானால் நம்மை உறுத்துவது வயது இல்லை, ஊர் அனுமதித்ததா இல்லையா என்பதுதான்.

ஆம்பூர்_அண்ணன்:
அது நேர்த்திக்கடன். சாமி காரியத்தையும் இதையும் ஒன்றாக்காதீர்கள்.

வேலூர்_வக்கீல்:
"மனதளவில் எட்டு வயது" என்பதற்கு மட்டும் ஒரு தகவல். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் தொடர்பான ஒரு வழக்கில், 2017-ல், மூளை முடக்குவாதம் உள்ள 38 வயதுப் பெண்ணை மனவயதின்படி குழந்தையாகக் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். அந்தச் சட்டத்தில் வயது என்றால் உடலின் வயதுதான் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது உடை பற்றிய வழக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு அதனால் நன்மையா என்பது தனி விவாதம். ஆனால் 28 வயதுக்காரரை எட்டு வயது என்று நாமாகக் குறைத்துக்கொள்ளச் சட்டம் நமக்குத் துணை வராது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 92-வது பிரிவின்படி, மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் கேவலப்படுத்தும் நோக்கத்தோடு இழிவாகப் பேசினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கல்யாண வீட்டில் நாலு பேர் பேசுவார்கள் என்றால், திருத்த வேண்டியது அந்த நாலு பேரை.

வாலாஜா_தறி:
எனக்கு 26 வயது, ஆட்டிசம். டீச்சர் சொன்ன ரெட்டை ஜடைப் பெண் மாதிரிதான் நான் வளர்ந்தேன். கல்லூரி போகும் வயதிலும் அம்மா எனக்குக் கவுன்தான் எடுத்தார். நான் அதை வெறுத்தேன். எனக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. இப்போது என் காசில், தலையணையில் பூனை படம், பையில் துணி முயல், வீட்டில் கார்ட்டூன் பைஜாமா. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். முன்பு என் மேல் போட்டுவிட்டார்கள், இப்போது நான் தேர்ந்தெடுக்கிறேன். உங்கள் விதி அன்று எனக்கு உதவியிருக்கும் டீச்சர். இன்று அதே விதி என் முயலைப் பிடுங்கும்.

ஆற்காடு அப்பா, உங்கள் பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் சுடிதாரும் துப்பட்டாவுமாக மின்சார ரயிலில் போனபோதும் என்னைத் தொட்டிருக்கிறார்கள். உடையை மாற்றியதால் அது நிற்கவில்லை. "வேண்டாம்" என்று கத்தவும் கையை உதறவும் ஓர் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தார், அது உதவியது. வீட்டில் என் "வேண்டாம்" ஒருநாளும் செல்லாதபோது, வெளி ஆளிடம் அதை எப்படிச் சொல்வேன்? பிடிக்காத சட்டையை வேண்டாம் என்று சொல்லப் பழகுவதும் அந்தப் பாடத்தில் சேரும்.

சத்துவாச்சாரி_டீச்சர்:
தேர்ந்தெடுப்பது பற்றி நீ சொல்வது சரி அம்மா. ஆனால் அலமாரியில் கார்ட்டூன் சட்டை மட்டுமே இருந்தால் அது தேர்வு ஆகாது. பெற்றோர் பெரியவர்கள் சட்டையை வாங்கியே தருவதில்லை. அதனால் என் வகுப்பில் விதியை விட மாட்டேன். இரண்டு வகைச் சட்டையும் கண்ணில் பட வேண்டும்.

காட்பாடி_சந்திப்பு:
அக்கா, கல்யாணத்துக்கு ஒரு வழி. மெல்லிய பருத்தி வேட்டி வாங்கி, கஞ்சி போடாமல் பலமுறை துவைத்து வையுங்கள். ஒட்டிக்கோ வேட்டி என்றால் நழுவும் பயம் இல்லை. மேலே அவன் பனியன், அதற்கு மேல் பொத்தான் போடாத சட்டை. லேபிளைத் தையல் பிரித்து எடுங்கள், கத்தரித்தால் முனை குத்தும். காதுக்கு ஒலி குறைக்கும் கவசம். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே ஓர் அமைதியான இடம். இதில் எது வேண்டும் என்று முதலில் அவனிடம் கேளுங்கள். எதுவும் வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவனே சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆற்காடு_அப்பா:
வாலாஜாப் பெண்ணே, நீ எழுதியதை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். வெளியே அந்தக் கவுன் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. உனக்குக் கத்த வருகிறது, என் மகளுக்கு வராது. வீட்டில் அவள் இஷ்டம். பொம்மை எங்கும் வரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். பேசாத பெண்ணிடம் எது பிடிக்கும் என்று எப்படிக் கேட்பது?

வாலாஜா_தறி:
கட்டிலில் இரண்டு உடையை விரித்து வையுங்கள் அப்பா. கணுக்கால் வரை வரும் மெல்லிய பாவாடை ஒன்று, அவளுக்குப் பழகிய துணியில் சுடிதார் ஒன்று. பக்கத்தில் நின்று அவசரப்படுத்த வேண்டாம், நேரம் கொடுங்கள். அவள் எதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள், எதைத் தள்ளிவிடுகிறாள் என்று கவனியுங்கள். அடுத்த நாள் இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள். கைக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுக்கிறாளா என்று தெரியும். தள்ளிவிட்டதை மறுபடி உடுத்தச் சொல்லாதீர்கள்.